மூன்றாவது மாடிக்கு அறுபத்தாறு படி

மதிப்பிற்குரிய சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

முதலில் நம் கட்டடக் காவலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர். அவரை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்திவைத்தது சரியில்லை. அன்று காலை பத்து மணியிலிருந்து மதியம்வரை வக்கீல் சங்கக் கட்டடத்தின் லிஃப்டை யாரும் பயன்படுத்த முடியாமல் போனதற்கு அவர் காரணம் இல்லை. லிஃப்டும் காரணம் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் கம்பிக் கயிறு மாற்றி, உள்ளே புது விளக்கும் மாட்டினோம். சங்கத்தின் துணைத் தலைவர் என்ற முறையில் நானே நாலு தடவை மேலும் கீழும் போய்ப் பார்த்துத்தான் வேலை சரி என்று எழுதிக்கொடுத்தேன்.

உங்கள் நோட்டீசில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. லிஃப்டை நிறுத்தியது யார், யாருடைய அனுமதியில் நிறுத்தினார், வேட்பாளர்கள் கூட்டத்தைக் கீழ்க்கூடத்திலிருந்து மூன்றாவது மாடி நூலகத்துக்கு மாற்றியது யார். இருபத்தாறு வருடம் குறுக்கு விசாரணை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்விகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஏன் என்ற கேள்வி விட்டுப்போயிருக்கிறது. மரியாதைக்காக விட்டீர்களா, பதில்தான் ஏற்கெனவே தெருத்தெருவாக மைக்கில் வந்துவிட்டதே என்று விட்டீர்களா, தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு வாயைத் திறக்காதே என்பதுதான் என்னிடம் வழக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை. இன்று அதை நானே மீறுகிறேன். ஒரு காவலாளியின் பிழைப்பு போகிறதே என்ற ஒரே காரணம்தான்.

நான் சட்டசபைத் தேர்தலில் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் என் ஊர்வலத்தில் நடந்தீர்கள். சிலர் நடந்துவிட்டு எதிராளிக்கு ஓட்டுப் போட்டீர்கள், அதுவும் தெரியும். என் கட்சி மாநிலம் முழுக்க ஜெயிக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. என் தொகுதியில் மட்டும் நான் தோற்பேன் என்பதும் அதே அளவுக்கு நிச்சயமாக இருந்தது. காரணம் எளிது. தொகுதியில் பாதிப் பேருக்கு நான் வக்கீல், மீதிப் பேருக்கு எதிர்த்தரப்பு வக்கீல். தோற்றவர்கள் என்னை மன்னிக்கவில்லை. ஜெயித்தவர்கள் என் ஃபீசை மன்னிக்கவில்லை.

என்னை எதிர்த்து நின்றவர் பஸ் முதலாளி. அவருக்குச் சட்டமும் தெரியாது, நாலு வார்த்தை சேர்த்துப் பேசவும் வராது. ஆனால் அவருடைய பஸ் கை காட்டிய இடத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய கொள்கை எந்தக் கட்சியிடமும் இல்லை. வேட்புமனு கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் கட்சி எடுத்த கணிப்பில் அவர் எனக்கு இரண்டு மடங்கு இருந்தார்.

அந்த வாரம்தான் தேர்தல் சட்டப் புத்தகத்தை உட்கார்ந்து வாசித்தேன். எல்லா வேட்பாளரும் சுவரொட்டி ஒட்டுகிற நேரத்தில் சட்டம் வாசிக்கிறவன் வக்கீல் ஒருவன்தான். அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன்னால் இறந்துபோனால் அந்தத் தொகுதியில் மட்டும் தேர்தல் தள்ளிவைக்கப்படும். இறந்தவரின் கட்சி ஏழு நாளுக்குள் வேறொருவரை நிறுத்திக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தள்ளிவைத்த தேர்தல் நடக்கும்போது மற்ற ஊர்களின் முடிவு வந்திருக்கும், ஆட்சி அமைந்திருக்கும். ஆளுகிற கட்சி வேட்பாளரைத் தோற்கடித்துவிட்டு ஐந்து வருடம் சாலையும் தண்ணீரும் இல்லாமல் இருக்க எந்த ஊரும் விரும்பாது. கை காட்டினால் நிற்கிற பஸ்ஸுக்கும் ஓடுவதற்கு ரோடு வேண்டும்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஓட்டு இல்லை, ஒரு மாதம் தள்ளிப்போவது. வாய்தா வாங்குவதில் எனக்குள்ள பழக்கத்தை நீங்கள் அறிவீர்கள்.

நிற்கப்போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தேன். எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். பஸ் முதலாளி ஒருவரே மூன்று பேர் ஆயுளுக்கு இருந்தார். அப்போதுதான் என் மாமனார் நினைவுக்கு வந்தார்.

அவர் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வைத்த பெயர் சங்கிலி. அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அவர் நடக்காத வயல் இல்லை, ஒரு வீட்டிலும் கை நீட்டியதும் இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்காது. நான் அவர் மகளைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து பிடிக்காது. அதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்ப மாட்டார், நின்று, பார்த்து, பிறகு திருப்புவார். இரண்டு வருடம் முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்தார். படி ஏறக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கோபம் கூடவே கூடாது என்று டாக்டர் என்னிடமும் என் மனைவியிடமும் சேர்த்தே சொன்னார். அவருடைய கட்டிலை மாடியிலிருந்து கீழறைக்கு இறக்கியபோது ஒரு முனையைப் பிடித்தவன் நான்.

எங்கள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். வாங்க வந்த சாமானைக் கையில் எடுக்கிறவன் ஏமாளி. பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தட்டிப் பார்த்து, குறை சொல்லி, கீழே வைத்துவிட்டு வாசல்வரை போக வேண்டும். கடைக்காரரே பின்னால் ஓடி வந்து, நமக்கு வேண்டியதை நம் கையில் திணிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வீட்டுக்குப் போனேன். அதற்கு முந்தின நாளே என் ஜூனியரை அச்சகக்காரரிடம் அனுப்பியிருந்தேன். அச்சகக்காரர் ஒரு சின்னக் கட்சியின் உள்ளூர்த் தலைவர். கட்சி சின்னது, அங்கீகாரம் மட்டும் முழுசாக இருந்தது. ‘சர்வேயருக்கு நிற்க ஆசை, வாய் விட்டுக் கேட்க வெட்கப்படுகிறார்’ என்று அவர் காதில் போட்டாகிவிட்டது.

மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

“மாமா, அந்த அச்சகக்காரர் உங்களை எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்லி வருவார்னு கேள்விப்பட்டேன். வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.”

பேப்பர் இறங்கியது. “ஏன்?”

“உங்க உடம்புக்கு எதுக்கு அது. நாலு தெரு நடந்தா மூச்சு வாங்கும். நடுத்தெருவுல உக்காந்துட்டீங்கன்னா ஜனங்க சிரிப்பாங்க. எனக்கும் கௌரவக் குறைச்சல்.”

“உனக்கு இருக்கறது குறைஞ்சா என்ன மிஞ்சும் வக்கீலே?”

“அதான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். பெரியவங்க ஓய்வா இருந்தாத்தான் அழகு.”

“இந்தத் தொகுதியில ஒவ்வொரு வீட்டு எல்லையும் நான் அளந்து கல்லு போட்டது. நீ அந்தக் கல்லை வச்சே அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை மூட்டி வயிறு வளத்தவன். யாரைப் பாத்து ஜனங்க சிரிக்கறாங்கன்னு பாத்துடலாம். போ. வெளியில போ.”

நான் வாசல்வரை போனேன். அவர் எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

என் மனைவி அன்று மதியம் என்னிடம் கேட்டாள். “அவர் உடம்பு தெரிஞ்சுதானே அப்படிப் பேசினீங்க?”

“நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?”

அந்த வாக்கியத்தை எந்த நீதிமன்றத்திலும் வைக்கலாம், நிற்கும்.

அவர் மனு ஏற்கப்பட்டது. மாமனாரும் மருமகனும் மோதுகிறார்கள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நான் அவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை, பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ‘பெரியவர் நீடூழி வாழட்டும், வீட்டில் ஓய்வெடுக்கட்டும். இப்படிக்கு அன்பு மருமகன்’ என்று சுவரொட்டி அடித்தேன். அவர் போகிற வழியெல்லாம் ஒட்டச் சொன்னேன். கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் நின்று ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி, ஏறி, தன் கையாலேயே கிழித்தார். என் மனைவி கீழே தண்ணீர்ப் புட்டியும் மாத்திரைப் பையுமாக நின்றிருந்தாள். அவள் எனக்கு வேலை செய்யவில்லை, அவருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பதினைந்து நாள் போயிற்று. அவர் இளைத்தார், ஆனால் குரல் ஏறியது. நடந்து பழகிய உடம்பு. எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள்தான் பாக்கி.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்பது சங்கத்தின் ஏற்பாடு. இடம் கீழ்க்கூடம் என்றுதான் அழைப்பிதழில் இருந்தது. கீழ்க்கூடத்துக்கு அன்று காலையிலேயே வெள்ளையடிக்க ஆள் விட்டவன் நான். துணைத் தலைவருக்கு அந்த அதிகாரம் விதிப்படி உண்டு. காவலாளியை ஒரு நகல் வாங்கிவரச் சொல்லி நீதிமன்றப் பதிவறைக்கு அனுப்பியவனும் நான். அங்கே நகல் வாங்க எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேள்வி. லிஃப்டை நிறுத்தியது யார் என்றால், யாரும் நிறுத்தவில்லை. காவலாளியின் அறையில் ‘பழுது, பயன்படுத்தாதீர்’ என்று ஒரு அட்டை ஆணியில் தொங்கும். அதை எடுத்துக் கீழ்த்தளத்தில் லிஃப்டின் கதவுப் பிடியில் மாட்டினேன். லிஃப்ட் பாட்டுக்கு உள்ளே விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வக்கீல்கள் அந்த அட்டையைப் பார்த்து, முணுமுணுத்து, படியேறிப் போனார்கள். ஒருவர்கூடப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. எழுதி மாட்டியிருந்தால் உண்மை என்று நம்புகிறவர்கள்தான் நாள் முழுக்க மற்றவர்களின் பத்திரங்களைச் சந்தேகப்படுகிறோம். இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓடுகிற லிஃப்டை ஓடவிடுவதற்கு அனுமதி தேவையில்லை.

பதினொன்றே கால் மணிக்கு மாமனார் வந்தார். அட்டையைப் பார்த்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

“அப்பா, வீட்டுக்குப் போயிடலாம். மூணு மாடி.”

நான் படிக்கட்டின் திருப்பத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்றேன். “ஆமா மாமா, சிரமப்படாதீங்க. இங்கயே ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க. என்ன பேசணும்னு எழுதிக் குடுங்க, மேல நானே படிச்சுடறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ் முதலாளி உண்மையான அக்கறையோடு, “பெரியவரே, நம்ம ஆளுங்க நாலு பேர் இருக்காங்க. நாற்காலியோட அலாக்காத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார். நான் எதிர்பார்க்காத உதவி அது. ஊரையே நடந்து அளந்த மனிதரிடம் போய்த் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் அவர் என்ன செய்வார்?

“தள்ளு” என்றார் மகளிடம்.

அறுபத்தாறு படி. மாடிக்கு இருபத்திரண்டு. நான் அவருக்கு இரண்டு படி முன்னால் ஏறினேன். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, ஏதாவது ஒன்று கேட்டேன். பேசிக்கொண்டே ஏறினால் மூச்சு இரண்டு பங்கு செலவாகும், அது யாருக்கும் தெரிந்ததுதான்.

“ஏன் மாமா, அந்த ஆத்தோரப் புறம்போக்கு எவ்வளவு இருக்கும்?”

“உன் கட்சிக்காரன்... வளைச்சது போகவா?”

“இல்ல, மொத்தமா.”

“நாப்பத்தி... நாப்பத்தி ஒண்ணு.”

“நான் முப்பதுன்னு நினைச்சேன்.”

“நீ நினைப்பே. நான் அளந்தேன்.”

இரண்டாவது மாடியில் என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “பேச்சுக் குடுக்காதீங்க” என்றாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை, கேள்விதான் கேட்டேன் என்றேன். அவள் மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினாள். நூறு வக்கீல்களுக்கு நடுவே மாத்திரை போட்டுக்கொள்ள அவர் மறுத்துவிட்டார்.

நூலகத்தில் கடைசியாகப் பேச அவரை வைத்திருந்தோம். அதுவரை உட்கார்ந்திருந்தால் மூச்சு அடங்கிவிடும் என்று தோன்றியதால் வரிசையை மாற்றி அவரை முதலில் கூப்பிட்டேன். அதுவும் வயதுக்குச் செய்யும் மரியாதைதான். எழுந்தார். மைக்கைப் பிடித்தார். “இந்த ஊரை அளந்தவன்” என்று ஆரம்பித்தார். யார் அளந்தவன், எதை அளந்தவன் என்பதெல்லாம் வரவில்லை. மைக்கோடு சேர்ந்து சாய்ந்தார்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் என்னுடைய தவறு இது ஒன்றுதான்.

படியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரோ தலைமாட்டைப் பிடித்தார்கள். “படி வேண்டாம், லிஃப்ட்ல இறக்குங்க” என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் வந்தது. நானும் என் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் அவரோடு ஏறினோம். அவர் தலை மகளின் மடியில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. மேலே விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஓடுதே” என்றார். கீழே வந்து கதவை இழுத்தபோது வெளிப்பிடியில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை வாசித்தாள். அதில் மூன்று வார்த்தைகூட இல்லை, ஆனால் வெகுநேரம் வாசித்தாள்.

பஸ் முதலாளியின் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

என்னைக் கொலைகாரன் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கொலைகாரன் என்றால் படியில் இறக்கவிட்டிருப்பேன். இன்னும் பத்து நிமிடம் ஆகியிருக்கும், ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் லிஃப்டை அழைத்தேன். அந்த நேரத்தில் என்னுள்ளே இருந்த மருமகன் வக்கீலை ஜெயித்துவிட்டான்.

தேர்தல் தள்ளிப்போனது. சட்டம் சட்டப்படி நடந்தது. மாநிலத்தில் எங்கள் கட்சி ஜெயித்தது. எனக்கு ஓட்டுப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. வாசலில் மாலையோடு வருகிறவர்கள் தாங்களாகவே சொன்னார்கள்.

ஆனால் அந்த முடிவுகள் வருவதற்கு முன்பே, அடக்கம் முடிந்த நாலாம் நாள் மதியம் என் மனைவி தன் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட் ஓடும்னு உங்களுக்குத் தெரியுமா?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். பழக்கம் இல்லாதவன் இல்லை. ஆனால் கணவன் மனைவியிடம் தனிமையில் சொன்னதை, அவன் சம்மதம் இல்லாமல் அவள் கோர்ட்டில் சாட்சியாகச் சொல்ல முடியாது. சட்டம் நமக்குக் கொடுத்த கொடைகளில் மிக அழகானது அதுதான். உலகத்தில் ஒரு மனிதரிடமாவது உண்மை பேசலாம் என்று சட்டமே இடம் விட்டு வைத்திருக்கிறது. சொன்னேன். அட்டை, வெள்ளையடிப்பு, காவலாளி, அச்சகக்காரர், சுவரொட்டி ஒட்டிய உயரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

“டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்தது. அதனாலதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.”

அவள் அழவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பையை எடுத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். துக்கம், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு நாளில் ஆறாவது நாள், அச்சகக்காரர் கட்சியின் புது வேட்பாளராக அவள் மனுக் கொடுத்தாள். அந்த விதி எனக்குத் தெரியாதது இல்லை. அச்சகக்காரர் தானே நிற்பார், நானூறு ஓட்டு வாங்குவார் என்று நினைத்திருந்தேன்.

அவள் பேச்சு ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒவ்வொரு தெருமுனையிலும் அதேதான். “எங்கப்பா படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட் ஓடும்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அதை அவரே என்கிட்டச் சொன்னார்.” சொல்லிவிட்டு இறங்கி அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். சாலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கிடையாது.

கோர்ட்டின் கதவு அடைத்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவனுக்கு, தெருவுக்குக் கதவே இல்லை என்பது தோன்றவில்லை. வக்கீலாக இல்லாத எவனும் அப்படி ஏமாந்திருக்க மாட்டான். அவதூறு வழக்குப் போடலாம் என்று ஜூனியர் சொன்னார். அதற்குச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

நான் ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் காய்கறிக்காரி ஒருத்தி மாடி ஜன்னலைத் திறந்து, “மேல வரீங்களா வக்கீலய்யா? இல்ல, நான் இறங்கி வரணுமா? எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டு வரேன்” என்றாள். தெருவே சிரித்தது. பஸ் முதலாளி கடைசி மூன்று நாள் தன் பிரசாரத்தை நிறுத்திவிட்டு, தன் பஸ்களை அவளுக்கு விட்டுவிட்டார். எங்கள் கட்சி மேலிடத்திலிருந்து ஒருவரும் என் மேடைக்கு வரவில்லை. முடிவு உங்களுக்குத் தெரியும். நான் மூன்றாவதாக வந்தேன். யாரும் வேண்டாம் என்று நோட்டாவில் குத்தியவர்கள்கூட எனக்கு முன்னால் இருந்தார்கள்.

ஆகவே, காவலாளியைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையை மாட்டியவன் நான். இடத்தை மாற்றியவன் நான். அந்த மனிதர் சாக வேண்டும் என்று விரும்பி, அவர் ஏறுவதற்காகவே அறுபத்தாறு படிகளையும் தேர்ந்தெடுத்தவன் நான். இதற்கு எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று தேடிப் பாருங்கள், நான் தேடிவிட்டேன். அவர் தன் காலால் ஏறினார். நான் வேண்டாம் என்று சொன்னேன், நூறு சாட்சிகள் இருக்கிறார்கள்.

சங்கத்திலிருந்து என் பெயரை நீக்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். நீக்குவதற்கு முன் ஒன்றை எடைபோடுங்கள். நான் யாருக்கும் கொடுத்த வாக்கை மீறவில்லை. மாமனார் என்னை வெறுத்தார், நான் அவருக்கு விரோதியாக நடந்துகொண்டேன், இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. நான் உலகத்திலேயே ஒரே ஒருத்தியை நம்பி, வீட்டுக்குள், தனியாக, மனம் திறந்து பேசினேன். அதை அவள் மைக்கில் வைத்தாள். இந்த விவகாரத்தில் நம்பிக்கைத் துரோகம் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் போன திங்கட்கிழமை சட்டசபையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
துணைத் தலைவர்